பின்னறையிலேயே முடிப்பதா, கோர்ட் ஏறுவதா?

"ஐயாயிரம் கட்டுங்க, விட்டுர்றோம். இல்லாட்டி பொலிசுக்குச் சொல்லுவோம்." இலங்கையின் ஹட்டன் டவுனில் ஒரு கடையின் பின்னறையில் எங்கள் லயத்து அக்காவிடம் பேசிய பேரம் இது. பையில் இருந்தது காசு கட்டாத ஒரு பால்மா பக்கெட். பணத்தோடு, களவை ஒப்புக்கொள்வதாகச் சிங்களத்தில் எழுதிய கடிதத்தில் கையெழுத்தும் கேட்டார்கள்.

கடையிலேயே முடிப்பதில் ஒரு வசதி உண்டு: மானம் தப்பும், நாள் போகாது. ஆனால் கடிதம்தான் சிக்கல். பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை நிரூபிக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடங்கொடுப்பதில்லை. கடைக்காரரிடம் எழுதிக்கொடுத்ததற்கு அந்தத் தடை கிடையாது. கண்ணெதிரே திருடியவரைக் கடைக்காரர் பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதிக்காமல் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். அடிப்பதற்கும் தண்டம் வசூலிப்பதற்கும் அவருக்கு அதிகாரமில்லை. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

பொலிசுக்குப் போனால், பிணையில் விடாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம். ஆள் பிணைக்கு, அதாவது பிணை நிற்பவருக்கு, கிராம சேவகரின் வதிவிடச் சான்று கேட்பார்கள். வீட்டார் முதலில் அதைத் தேடட்டும்.

கோர்ட்டில் பலரும் சொல்லும் யோசனை: "ஒத்துக்கிட்டுத் தண்டத்தைக் கட்டிட்டு வா." தனியாக நின்று ஒப்புக்கொள்வது மலிவுதான், ஒரே வழக்குத் தவணையில் முடியும். தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவில் உச்சம் 3 ஆண்டுச் சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். தண்டத்தோடு தப்பினாலும் குற்றத்தீர்ப்பு பதிவில் நிற்கும். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

அதே ஒப்புதலைச் சட்டத்தரணி ஒருவரை வைத்துச் செய்தால் கதை வேறு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்படி, ஆளின் நடத்தை, வயது, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்துக் குற்றவாளி என்று தீர்க்காமலே நீதவான் எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்கலாம். கட்டாயமில்லை, அவர் விருப்பம். ஆனால் கேட்கத் தெரிந்தவர் கேட்க வேண்டும். கைக்காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எடுத்தது உண்மை, முதல் தடவை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

வழக்காடுவது எல்லாருக்கும் இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் (தோட்டத்து நாள் சம்பளம்) போகும், பஸ் காசு வேறு. ஆனால் எடுக்கவே நினைக்காதவர் ஒப்புக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர் மழையில் நனைந்த குடையைப் பாதி மடித்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டுதானே கடைக்குள் போகிறோம்? அதற்குள் ஒரு சவர்க்காரம் நழுவி விழுந்தால் அது களவாகாது. நேர்மையற்ற எண்ணம் இருந்ததென்று முறைப்பாட்டுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். சீசீடிவி பதிவு அழிவதற்குள் அதைக் கேட்டு வாங்கச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். கோர்ட்டில் பேசும் மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பு கேளுங்கள். அது அரசியலமைப்பு தந்த உரிமை.

அக்கா தோட்டை அடகு வைத்து ஐயாயிரத்தைக் கட்டினார். கடிதம் இன்னும் அந்தக் கடை லாச்சியில்தான் கிடக்கிறது.