பில்டர் காபி: கொட்டை, சிக்கரி, அரைவை, பில்டர் (நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்)

தூளை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, "அந்தக் கடைத் தூள் சரியில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. தூளில் குறை இருக்கலாம்தான். ஆனால் கொட்டை, சிக்கரி, அரைவை, பில்டர் இந்த நாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்றை மாற்றினால் மற்றதையும் கொஞ்சம் நகர்த்தியாக வேண்டும். சாதாரண எவர்சில்வர் பில்டரும் கையால் சுற்றும் கிரைண்டரும் வைத்துக்கொண்டு பல வருஷமாக வீட்டில் டிகாக்‌ஷன் போட்டு வருகிறேன். அதில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் சிக்கரி. அது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்துப் பொடித்தது. அதில் காஃபின் கிடையாது. டிகாக்‌ஷனுக்குக் கறுப்பு நிறமும் கெட்டித் தன்மையும் லேசான கசப்பும் தரும். கலப்புத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் எடுத்ததும் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 53:47 என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வேரைத்தான் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சிக்கரி தண்ணீரைக் குடித்து ஊறி, தூளுக்குள் தண்ணீர் இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. 60:40 தூளுக்குப் பழகிய பில்டரில், அதே அரைவையில் சிக்கரி இல்லாத தூளைப் போட்டால் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும். டிகாக்‌ஷன் டீத்தண்ணி மாதிரி இருக்கும். "ப்யூர் காபி நமக்கு ஒத்துவராது" என்று மறுபடி பழைய பாக்கெட்டுக்கே போய்விடுவார்கள். இன்னும் ஒரு படி நைசாக அரைக்கச் சொல்லி, தூளைக் கொஞ்சம் கூட்டி, பில்டருக்குள் தூளின் மேல் வைக்கும் தட்டால் சற்று அழுத்தியிருந்தாலே போதும். நான் இப்போது நூற்றுக்குப் பத்து சிக்கரியில் நிற்கிறேன். பாலுக்கு அந்தப் பத்து ஒரு பிடிப்பைத் தருகிறது. அதற்கு மேல் போனால் கொட்டையின் மணம் அமுங்கிவிடுகிறது.

கொட்டைக்கு வருவோம். கடைப் பலகையில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரோபஸ்டா பார்ச்மென்ட், செர்ரி என்று எழுதியிருக்கும். பிளாண்டேஷன் என்றால் பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா. ஏ, பி, சி எல்லாம் கொட்டையின் அளவு. பார்ச்மென்ட் என்பது அதே முறையில் கழுவிய ரோபஸ்டா. செர்ரி, பழத்தோடு அப்படியே காயவைத்தது. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை. எங்கள் பக்கம் பீபெரிக்குப் பெரிய மரியாதை உண்டு. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாகப் புரளும் என்பது உண்மை. ஆனால் பீபெரி என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன். போன வாரம் வறுத்த பிளாண்டேஷன் ஏ, எப்போதோ வறுத்து வைத்த பீபெரியைத் தோற்கடித்துவிடும்.

ரோபஸ்டாவை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி அதுதான். காஃபின் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. பாலில் கரையாமல் நிற்கும் கனம் அதற்கு உண்டு. எழுபது பங்கு பிளாண்டேஷன், முப்பது பங்கு பார்ச்மென்ட், மிதமான வறுவலுக்குச் சற்று மேலே: பால் காபிக்கு என் கணக்கு இது. கறுப்பாகவே குடிப்பவர்கள் ரோபஸ்டாவை விட்டுவிட்டு ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலை, சிக்மகளூர் அராபிகாவை இளம் வறுவலில் வாங்கிப் பாருங்கள். அது வேறு ருசி. அதற்குச் சிக்கரியே வேண்டாம்.

வறுத்த அன்றே அரைத்துப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும். கொதிநீர் பட்டதும் தூள் பொங்கி, மேலே வைத்த தட்டையே ஒரு பக்கமாகத் தூக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும். நாலைந்து நாள் பொறுத்தால் அடங்கிவிடும். அவசரமாகப் போட வேண்டி வந்தால், முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் விட்டு, அரை நிமிஷம் பொங்கி அமுங்கவிட்டு, பிறகு மீதியை ஊற்றுங்கள்.

கருவியில் செலவு செய்வதென்றால் கிரைண்டருக்குச் செய்யுங்கள். மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டித் தள்ளுகிறது. பாதி மாவு, பாதி நொய். மாவு ஓட்டையை அடைக்கும், நொய் சாரம் இறங்காமலே சக்கையாகும். பல் வைத்த கிரைண்டரில் எல்லாம் ஒரே அளவாக விழும். கையால் சுற்றுவது இரண்டு பேர் வீட்டுக்குச் சரி. ஆறு பேர் உள்ள வீட்டில் காலை நேரத்தில் அது நடக்காது. கடையில் கண்முன்னே அரைத்து, இருநூறு கிராமுக்கு மேல் போகாமல் வாங்கிக்கொள்வதே நல்லது.

பில்டரில் பித்தளை அழகு. ஆனால் உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும். தினப்படிக்கு எவர்சில்வரே போதும். வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஓட்டைகள் ஊசிமுனை அளவில், ஒரே சீராக இருக்க வேண்டும். நாளாக ஆக எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஓட்டை அடையும். எவர்சில்வர் மேல் பாத்திரத்தை மட்டும் அடுப்புத் தீயில் காட்டி, பிசுக்கு எரிந்ததும் ஆறவைத்துத் தேய்த்தால் திறந்துகொள்ளும். சில நாள் ஓட்டை சுத்தமாக இருந்தும் டிகாக்‌ஷன் இறங்காது. இரண்டு பாத்திரமும் ஈரத்தோடு இறுகிப் பொருந்தி, கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் போவதுதான் காரணம். மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தால் சொட்ட ஆரம்பிக்கும்.

அளவு சொல்கிறேன். முப்பது கிராம் தூளுக்கு, கொதித்து அரை நிமிஷம் ஆறிய தண்ணீர் நூற்று அறுபது மில்லி. தூள் ஏறக்குறைய தன் எடையில் இரண்டு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கையில் கிடைப்பது நூறு மில்லி. இரண்டு டம்ளருக்குத் தாராளம். பால், ஆவின் பச்சை பாக்கெட் போதும். ஆரஞ்சு பாக்கெட்டின் ஆறு சதவீதக் கொழுப்புக்கு டிகாக்‌ஷனை இன்னும் திக்காக எடுக்க வேண்டியிருக்கிறது.

தூளைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். எடுத்துத் திறக்கும்போதெல்லாம் ஈரம் கோக்கும், பக்கத்தில் இருக்கும் குழம்பு வாசனையும் ஏறும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் நூறு நூறு கிராமாக வாங்குகிறேன்.