மூவாயிரம் சைக்கிளில் ஓடும் இளவரசன்

பழைய விளையாட்டுகளுக்குப் புது மெருகு பூசி விற்பவர்கள்மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. படம் கூர்மையாகிறது, இசைக்கு வாத்தியக் குழு சேர்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி வழிகாட்டுகிறது. ஆடி முடித்த பிறகு, சிறுவயதில் ஆடியது இதையா என்ற சந்தேகம்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் டாஸ்பாக்ஸ் பக்கம் ஒதுங்கினேன். 2002இல் முதலில் வெளியான இந்த இலவச மென்பொருள், இன்றைய கணினிக்குள் ஒரு டாஸ் கணினியை, அதாவது விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி இயக்கும் பழைய கணினியை, நடிக்க வைக்கிறது. செயலி, நினைவகம், திரை அட்டை, ஒலி அட்டை எல்லாமே போலி. விளையாட்டுக்கு மட்டும் அது தெரியாது. 1990இல் டாஸுக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற, ஓர் இளவரசனை ஓடவும் தாவவும் விடும் விளையாட்டின் கோப்பு ஓர் எழுத்துகூட மாறாமல் அப்படியே ஓடுகிறது.

திறந்தவுடன் வரவேற்பது கருப்புத் திரையும், இசட் டிரைவின் பெயரும், துடிக்கும் கர்சரும்தான். பொத்தான் இல்லை, பட்டியல் இல்லை. மவுண்ட் என்ற கட்டளையைத் தட்டி, விளையாட்டு இருக்கும் கோப்புறையை சி டிரைவாக அடையாளம் காட்ட வேண்டும். பிறகு சி டிரைவுக்கு மாறி விளையாட்டின் பெயரைத் தட்ட வேண்டும். சுட்டியை மட்டுமே பிடித்துப் பழகியவர்கள் இந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போய்விடலாம். எனக்கோ இதில் ஒரு திருப்தி. கட்டளையைப் பிழையின்றித் தட்டத் தெரிந்தவருக்கே விளையாட்டு என்பதுதான் அன்றைய சட்டம். எங்கள் வீட்டில் அந்தக் காரணத்தாலேயே கணினி முன் முதல் நாற்காலி அண்ணனுக்குப் போனது.

வேகம்தான் டாஸ்பாக்ஸின் உண்மையான கெட்டிக்காரத்தனம். அன்றைய விளையாட்டுகள் பலவற்றில் காலத்தை அளக்கும் பழக்கமே இல்லை. செயலி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக அவையும் ஓடும். 1990இல் வந்த விங் கமாண்டர் என்ற விண்வெளிப் போர் விளையாட்டு, அடுத்த தலைமுறைச் செயலிகளில் கட்டுக்கடங்காமல் பறந்தது. பழைய கணினிப் பெட்டிகளின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் இருந்ததே, அது உண்மையில் கணினியை மெதுவாக்கி இப்படிப்பட்ட விளையாட்டுகளைக் காப்பாற்றத்தான். (பக்கத்தில் பச்சை எண்களில் மின்னிய மெகாஹெர்ட்ஸ் எதையும் அளந்து காட்டவில்லை. பெட்டியைப் பூட்டியவர் உள்ளே ஜம்பர் என்ற சின்ன இணைப்பிகளைச் செருகி வைத்த எண் அது. எத்தனை பேர் அதைக் காட்டிப் பெருமை அடித்திருப்பார்கள்!) டாஸ்பாக்ஸில் அந்தப் பொத்தானின் வேலையைச் செய்வது, போலிச் செயலியின் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள் என்ற அளவு. சாதாரண டாஸ் விளையாட்டுகளுக்கு அது 3000த்தில் தொடங்குகிறது. கன்ட்ரோலுடன் எஃப்12 அழுத்தினால் கூடும், எஃப்11 அழுத்தினால் குறையும். ஆடிக்கொண்டே திருகலாம். எந்த விளையாட்டுக்கு எது சரியான வேகம் என்று எந்தக் கையேடும் சொல்லாது. உங்கள் விரல்கள் சொல்லும்.

ஒரு குறையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2019இல் வந்த 0.74-3 பதிப்பை நிறுவியவுடன் ஆடினால், எல்லோரும் குள்ளமாகத் தெரிவார்கள். அன்றைய திரை 320க்கு 200 புள்ளிகள். அது நான்குக்கு மூன்று விகிதக் கண்ணாடிக் குழாயில் விரிந்தபோது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரமாக நின்றது. இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம். எனவே இளவரசனை யாரோ தலையில் தட்டி அமுக்கியதுபோல் ஆகிவிடுகிறது. அமைப்புக் கோப்பைத் திறந்து ஆஸ்பெக்ட் என்ற வரியில் ட்ரூ என்று மாற்றினால் ஆள் நிமிர்ந்துவிடுகிறான். இதைச் செய்யாமலே ஆடிவிட்டு, பழைய படங்கள் இவ்வளவு அசிங்கமாகவா இருந்தன என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி இளவரசன். ஜோர்டான் மெக்னர் நான்கு ஆண்டுகள் உழைத்து 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக முடித்த விளையாட்டு இது. தன் தம்பியை ஓடவும் தாவவும் ஏறவும் விட்டுப் படம்பிடித்து, அந்த அசைவுகளைச் சட்டம் சட்டமாக வரைந்து சேர்த்தார். இப்போது பெரிய திரையில் பார்க்கும்போதுதான் அந்த உழைப்பு புரிகிறது. ஓடுபவன் சட்டென்று நிற்பதில்லை. இரண்டடி தள்ளாடி நிற்கிறான். திரும்பச் சொன்னால் கால் வழுக்கித் திரும்புகிறான். விசையை அழுத்திவிட்டோம் என்பதற்காக உடல் உடனே கீழ்ப்படியாது. எடுத்த அடியை வைத்து முடித்த பிறகுதான் அடுத்தது. இன்றைய விளையாட்டுகளில் கை பழகியவர்களுக்கு முதலில் இது மந்தமாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால், ஒவ்வொரு தாவலையும் தாவுவதற்கு முன்பே முடிவுசெய்யப் பழகிவிடுவீர்கள். விளிம்புவரை ஷிஃப்டை அழுத்தி அடி அடியாகப் போவது, இரண்டடி பின்வாங்குவது, ஓடிவந்து தாவுவது, மறுவிளிம்பைப் பற்ற மீண்டும் ஷிஃப்ட். அந்த ஷிஃப்டை விட்டால் பிடி விட்டது. ஒரு மாடி விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று என்றால் சாவு.

நாங்கள் இதை ஒரே விசைப்பலகையில் இரண்டு பேராக ஆடினோம். அம்புக்குறி விசைகள் அண்ணனுக்கு, ஷிஃப்ட் எனக்கு. பற்றுவதும் என் வேலை, வாள் வீசுவதும் என் வேலை. செத்தால் பழியும் எனக்கே. இன்று தனியாக ஆடும்போது இடது கைக்கு இருக்கும் திறமை வலது கைக்கு இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. ஓட்டம் தடுமாறுகிறது, பிடி மட்டும் தவறுவதே இல்லை.

இந்த விளையாட்டின் கண்டிப்பு முழுவதும் ஒரு கடிகாரத்தில் இருக்கிறது. தன்னை மணக்க வேண்டும், இல்லையேல் சாவு என்று இளவரசிக்கு மந்திரி ஜாஃபர் கொடுத்த கெடு ஒரு மணி நேரம். உங்களுக்கும் அதே 60 நிமிடம், நிஜ நிமிடம். எத்தனை முறை செத்தாலும் அந்த நிலையின் தொடக்கத்திலிருந்து ஆடலாம், ஆனால் கடிகாரம் பின்னால் போகாது. டாஸ்பாக்ஸின் அதிகாரபூர்வப் பதிப்பில், நினைத்த கணத்தில் உறையவைத்துச் சேமிக்கும் வசதி கிடையாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் இதற்காகவே மதிப்பெண் கூட்டுவேன். ஒவ்வொரு தாவலுக்கு முன்பும் சேமித்துக்கொண்டு போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் உறைக்கவே உறைக்காது. அப்படித்தான் ஆடுவேன் என்பவர்கள் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளைப் பதிப்பை எடுத்துக்கொள்ளட்டும். அதில் அந்த வசதி உண்டு.

நான்காம் நிலையில் கண்ணாடியை உடைத்துப் பாயும்போது வெளியே வரும் நிழல் மனிதனை மறந்தவர் இருக்க முடியாது. அவன் பிறந்த கதை தெரிந்தபின் அவன்மேல் எனக்குத் தனி மரியாதை. ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தில் இன்னொரு பாத்திரத்தை வரைந்து வைக்க இடமே இல்லை. அதனால் இளவரசனின் படத்தையே கொஞ்சம் நகர்த்தி, அதன்மேலேயே மோதவிட்டு, ஓரங்கள் மட்டும் மின்னும் ஓர் உருவத்தைச் செய்தார் மெக்னர். வறுமையிலிருந்து வந்தவன்தான் கதையின் ஆகச் சிறந்த எதிரி. அடுத்த நிலையில் நமக்கு வைத்த மருந்தைக் குடித்துவிட்டு ஓடுகிறான், அதற்கடுத்த நிலையில் முகத்துக்கு நேரே கதவை இறக்குகிறான், பன்னிரண்டாம் நிலையில் வாளோடு வருகிறான். அவனை வெட்டினால் வலி நமக்கு. கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போட்டால்தான் வழி பிறக்கும். இந்தப் புதிரை விளக்கும் ஒரு வரிகூடத் திரையில் வராது.

எரிச்சலும் உண்டு. தொடக்கத்திலேயே ஓர் அறையில் குப்பிகளை வரிசையாக வைத்து, கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ள இன்ன சொல்லின் முதல் எழுத்துக்குரிய குப்பியைக் குடி என்று கேட்கும். திருட்டு நகலைத் தடுக்க அன்று செய்த ஏற்பாடு. டாஸ்பாக்ஸ் விளையாட்டைத்தான் தரும், கையேட்டைத் தராது.

ஒலியில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. டாஸ்பாக்ஸ் தானாகவே சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைப் பொருத்திக்கொள்வதால், தொடக்க இசை முழுதாக, கனமாக ஒலிக்கிறது. எங்கள் கணினியில் அந்த அட்டை இல்லை. பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரின் கீச்சொலிதான் எங்களுக்கு அரண்மனை. அமைப்புக் கோப்பில் ஒலி அட்டையை நீக்கிவிட்டுக் கீச்சொலிக்கே திரும்பிவிட்டேன். இசை நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் கேட்டுப்பாருங்கள்.

நான் ஆடிய இன்னொரு டாஸ் விளையாட்டான டேஞ்சரஸ் டேவ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜான் ரொமெரோ செய்தது, பத்து நிலைகள், கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். சிறுவயதில் முடிவே இல்லாததுபோல் இருந்தது இப்போது ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது திரை நகரும் விதம்: டேவ் ஓரத்துக்குப் போனதும் படம் வழுக்காமல் மொத்தமாக ஒரு தள்ளு தள்ளி நிற்கும். 1990 செப்டம்பரில் நிரலாளர் ஜான் கார்மாக், திரை வழுக்கி நகரும் வித்தையைச் சாதாரணக் கணினியில் செய்துகாட்டியபோது, சூப்பர் மரியோ விளையாட்டைப் பார்த்துச் செய்த அந்த மாதிரியில் மரியோவின் இடத்தில் ஓடவிட்டதும் இதே டேவைத்தான். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அந்த வித்தையோடு கமாண்டர் கீன் என்ற விளையாட்டு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப்பாருங்கள். இடைப்பட்ட பாய்ச்சல் கண்ணுக்கே தெரியும்.

டூம் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு டாஸ்பாக்ஸ் தேவையில்லை. அதன் மூலநிரல் 1997இலேயே வெளியிடப்பட்டுவிட்டதால் இன்றைய கணினிக்கென்றே செய்த நல்ல பதிப்புகள் ஏராளம். பிரின்ஸுக்கும் எஸ்டிஎல்பாப் என்ற ஆர்வலர் பதிப்பு இருக்கிறது. ஆஸ்பெக்ட், மவுண்ட் தொல்லை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு அது போதும்.

விளையாட்டுகளைத் தேடி இறக்குமுன் ஒன்று: பழையது என்பதாலேயே எதுவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. டூமின் முதல் பகுதி தொடக்கத்திலிருந்தே இலவசமாகப் பகிரப்பட்டது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் அரீனா என்ற விளையாட்டை அதன் நிறுவனமே 2004இல் இலவசமாக்கியது. டாஸ்பாக்ஸைப் பழக இந்த இரண்டில் தொடங்கலாம். கடைசியாக, விசைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கன்ட்ரோலுடன் எஃப்10 அழுத்தினால் பிடிபட்ட சுட்டி விடுபடும். பக்கத்திலிருக்கும் எஃப்9ஐக் கன்ட்ரோலுடன் அழுத்தினால், ஒரு கேள்விகூடக் கேட்காமல் டாஸ்பாக்ஸே மூடிக்கொள்ளும். கன்ட்ரோல்-எஃப்1 அழுத்தி இந்த விசையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் நாளே மாற்றிவிடுங்கள், பன்னிரண்டாம் நிலைக்குப் போவதற்கு முன்.