கிழங்குக் குழிக்கு எந்தக் கரண்ட்: வெயிலா, ஓடையா?

இலங்கையில் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் எங்கள் மரக்கறித் தோட்டத்து மேட்டில் ஆளுயர நிலவறை ஒன்று உண்டு. உள்ளே உருளைக்கிழங்கு, கரட், பீட்ரூட். லைன் கரண்ட் அந்த மேட்டுக்கு வராது. 2022இல் லைன் உள்ள வீடுகளே ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் கிடந்தன என்பதால் அதில் பெரிய வருத்தமும் இல்லை.

இங்கே கரண்ட் தேடுவது பிரிட்ஜ் ஓட்ட அல்ல. நுவரெலியா உயரத்தில் ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு. ஆழத்தில் மண்ணும் கிட்டத்தட்ட அதே சூடுதான். அதில் கிழங்கு சீக்கிரம் முளைவிடும். இராக் குளிரை உள்ளே இழுக்க 12 வோல்ட், 6 வாட் விசிறி ஒன்று போதும். பத்து மணி நேரம் ஓடினாலும் 60 வாட் மணிதான். கூடவே ஒரு குட்டி பல்ப். அதை மறந்து எரியவிட்டால் கிழங்கு பச்சை பிடித்துக் கசக்கும்.

எனக்கு முதலில் ஆசை ஓடை மேல்தான். 10 மீற்றர் இறக்கத்தில் செக்கனுக்கு 2 லீற்றர் விழுந்தால் கணக்குக்கு 196 வாட். பாதி வீணானாலும் 98 வாட், இராப் பகலாக. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை ஸ்டோர்கள் (தேயிலைத் தொழிற்சாலைகள்) பலவும் தண்ணீரில்தான் ஓடின. ஆனால் வாய்க்காலில் அடைக்கும் சருகைத் தினமும் அள்ள வேண்டும். பெரிய சிக்கல் வேறு: குழிக்கு விசிறி மிகவும் வேண்டியது தை, மாசியில். இராவில் பனி உறையும், வானம் வெளித்திருக்கும், ஓடையோ நூலாக மெலிந்துவிடும்.

அதே மாதங்களில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். 50 வாட் சோலர் தகடு நாலு மணி நேரம் நன்றாக வாங்கினால் 200 வாட் மணி. ஆடி மூட்டத்தில் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது, அதனால் என்ன? அப்போது வெளிக்காற்றே ஈரச்சாக்கு மாதிரி. விசிறியை நிறுத்தி வைப்பதுதான் நல்லது. எனக்குச் சோலர்தான் பொருந்துகிறது. வீட்டுக்கும் நாலு லைட் வேண்டும் என்பவர் ஓடைக்கே போகட்டும். பெட்ரோல் ஜெனரேட்டர் பேச்சே வேண்டாம், குழிக்குள் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

பற்றரியில்தான் நான் அடிபட்டேன். ஈய அமிலப் பற்றரியைக் குழிக்குள்ளேயே வைத்தேன். இரண்டே மாதத்தில் முனையெல்லாம் நீலப்பச்சை மாவு பூத்து, வயர் கையோடு வந்துவிட்டது. சார்ஜ் ஏறும்போது அது ஐதரசன் வாயுவும் விடும்; மூடிய குழிக்குள் அது ஆபத்து. இப்போது 12 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி, வாசலுக்கு வெளியே மரப்பெட்டியில். விலை கூடத்தான். ஆனால் 20 ஆம்பியர் மணி ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் எடுப்பதை இது தந்துவிடுகிறது. குளிர் பூச்சியம் பாகைக்குக் கீழே போனால் இதைச் சார்ஜ் பண்ணக் கூடாது. சோலர் பனி கரைந்த பிறகுதானே ஏற்றுகிறது. ஓடை என்றால் உறைபனி விடியலிலும் ஏற்றிக்கொண்டிருக்கும்.

போன மாசியில் ஒரு காலை கதவைத் திறந்தேன். உள்ளே வெப்பமானி 11 காட்டியது, விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.