0.06 + 0.01 எவ்வளவு? எஸ்க்யூஎல் என்ஜின்கள் டெசிமல் எண்ணைப் படிக்கும் விதம்: ஓர் அலசல்

டேட்டாபேஸ்களின் வேகத்தை அளக்கும் டிபிசி-ஹெச் பெஞ்ச்மார்க்கின் ஆறாவது குவெரி பார்க்க மிக எளிமையானது. ஒரே டேபிள், ஜாயின் கிடையாது. 1994-ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட சரக்குகளில், அளவு 24-க்குக் கீழே இருந்து, தள்ளுபடி '0.06 - 0.01' முதல் '0.06 + 0.01' வரை இருக்கும் வரிசைகளை எடுக்க வேண்டும். விலையைத் தள்ளுபடியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஸ்கேல் 1 (பெஞ்ச்மார்க்கின் அடிப்படை அளவு) டேட்டாவுக்குச் சரியான விடை 123141078.23.

இந்தக் குவெரியை அப்படியே ஓட்டினால் சில என்ஜின்களில் விடை ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்து வரும். எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. டபுள், அதாவது எண்ணை இரண்டின் அடிமானத்தில் தோராயமாக வைக்கும் 64 பிட் டைப். அந்தக் கணக்கில் 0.06 + 0.01 என்பது 0.07 அல்ல, 0.06999999999999999. தள்ளுபடி சரியாக 0.07 உள்ள வரிசைகள் எல்லாம் வரம்புக்கு வெளியே போய்விடுகின்றன. டேட்டாவில் 0.05, 0.06, 0.07 மூன்றும் சம அளவில் பரவியிருப்பதாலும், தொகை தள்ளுபடியால் பெருக்கப்படுவதாலும், 18 பங்கில் 7 பங்கு காணாமல் போகிறது.

இதில் தள்ளுபடி நெடுவரிசை டெசிமலாகவே (பத்தின் அடிமானத்தில் இலக்கங்களை அப்படியே வைக்கும் டைப்) இருக்கட்டும், டேட்டா ஒரு புள்ளிகூடப் பிசகாமல் இருக்கட்டும், அப்போதும் இதே கதிதான். கோளாறு இருப்பது குவெரிக்குள் நாம் கையால் எழுதிய எண்ணை, அதாவது லிட்டரலை, பார்சர் (குவெரியின் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி) எந்த டைப்பாக எடுத்துக்கொண்டது என்பதில். அந்த ஒரு முடிவை வெவ்வேறு என்ஜின்கள் எப்படி எடுக்கின்றன என்று பார்க்கலாம்.

பார்த்தவுடன் டபுள்

எஸ்க்யூலைட், க்ளிக்ஹவுஸ், பிக்குவெரி மூன்றும் இந்த வழி. டேட்டாஃபியூஷனும் இயல்பு நிலையில் இப்படித்தான். எண்ணில் புள்ளி இருந்தால் அது 64 பிட் ஃப்ளோட், அவ்வளவுதான்.

டபுளில் மதிப்புக்கு உள்ள இடம் 53 பிட். நீங்கள் 0.1 என்று எழுதினால் உள்ளே உட்காருவது 0.1000000000000000055511151231257827... என்று நீளும் ஒன்று. எஸ்க்யூலைட்டில் 0.1 + 0.2 = 0.3 என்று கேட்டால் 0, அதாவது பொய், என்று வரும். அங்கே இன்னொரு பொறியும் உண்டு. டேபிள் உருவாக்கும்போது டெசிமல்(10,2) என்று எழுதினால் எஸ்க்யூலைட் மறுக்காது. ஆனால் அதை வெறும் 'எண் சார்ந்த' நெடுவரிசை என்று எடுத்துக்கொண்டு, முழு எண்ணாகவோ டபுளாகவோதான் சேமிக்கும். டைப்பின் பெயரை நம்பிப் பணக்கணக்கு எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

க்ளிக்ஹவுஸின் ஆவணத்திலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். 1.15 என்ற லிட்டரலை, புள்ளிக்குப் பின் 2 இலக்கம் கொண்ட டெசிமலாக மாற்றச் சொன்னால் 1.14 கிடைக்கும். முதலில் 1.15 டபுளாகிறது. அதை 100-ஆல் பெருக்கினால் 114.99 என்று ஏதோ வருகிறது. மிச்சத்தை வெட்டினால் 114. அதே 1.15-ஐ மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் 1.15 சரியாக வருகிறது. டெசிமலாக மாற்றும் ஃபங்ஷன் கையில் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அதன் கைக்கு எண் வந்து சேர்வதற்கு முன்பே இலக்கங்கள் போய்விட்டன. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க விரும்பினால் இதை வையுங்கள்.

புள்ளியே இல்லாத பெரிய முழு எண்களும் இதே குழியில் விழலாம். டேட்டாஃபியூஷன் முதலில் குறியுள்ள 64 பிட்டில் பொருத்திப் பார்க்கும், அப்புறம் குறியில்லாத 64 பிட்டில். இரண்டிலும் அடங்காவிட்டால் இயல்பு நிலையில் டபுள்தான். முப்பது இலக்க அடையாள எண்ணை மேற்கோள் இல்லாமல் எழுதினால் கடைசிப் பாதி இலக்கங்கள் வேறாகிவிடும்.

இதற்காக டபுளை வில்லனாக்க வேண்டியதில்லை. சென்சார் அளவீடு, சராசரி, புள்ளியியல் கணக்குகளுக்கு அதுதான் சரியான டைப். எட்டு பைட்டில் முடிகிறது, சிபியு நேரடியாகக் கணக்குப் போடுகிறது. ஆனால் 'பார்சருக்கு டபுள்தான் சுலபம்' என்று சிலர் சொல்வது மட்டும் தலைகீழ். டெசிமலைப் படிக்க, ஒவ்வோர் இலக்கமாக வாங்கி, பத்தால் பெருக்கிக் கூட்டி, புள்ளி எங்கே என்று குறித்துக்கொண்டால் போதும், ரவுண்டிங் என்ற பேச்சே இல்லை. பத்தின் அடிமானத்தில் உள்ளதை மிக நெருக்கமான டபுளாக மாற்றுவதுதான் கடினம். அதைச் சரியாகச் செய்யும் முறைகளை 1990-இல் வில்லியம் கிளிங்கரும் டேவிட் கேயும் வெளியிட்டார்கள். 2011-இல்கூட, 2.2250738585072012இ-308 (இ-க்குப் பின் வருவது பத்தின் அடுக்கு) என்ற ஒற்றை எண்ணைக் கொடுத்தால் ஜாவாவின் டபுள் பார்சர் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் இதன் அண்டை எண் ஒன்று பிஹெச்பியை அதே போலத் தொங்க வைத்தது. நாம் இன்று இதைச் சுலபம் என்று நினைப்பதற்குக் காரணம், யாரோ எழுதிவைத்த லைப்ரரி.

எழுதிய இலக்கங்களை எண்ணி டைப் கொடுப்பது

ட்ரினோ, ஸ்பார்க், எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், டக்டிபி எல்லாம் இந்தப் பக்கம். 1.5 என்றால் மொத்தம் 2 இலக்கம், புள்ளிக்குப் பின் 1, எனவே டெசிமல்(2,1). எஸ்க்யூஎல் தரநிலை 1992-லிருந்தே சொல்வதும் இதுதான். புள்ளி மட்டும் இருந்தால் அது துல்லிய எண். 1.5இ0 என்று அடுக்குக்குறி போட்டால்தான் தோராய எண். ஆறாவது குவெரி இங்கே சரியான விடை தரும், ஏனென்றால் 0.06 + 0.01 இங்கே வெறும் 6 + 1.

மைஎஸ்க்யூஎல் தவிர இவற்றின் உச்சவரம்பு பெரும்பாலும் 38 இலக்கம். அது யாரோ விரும்பி வைத்த எண் அல்ல. 128 பிட் முழு எண்ணுக்குள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அடங்குவது 38 ஒன்பதுகள்தான். அதே கணக்கில் 64 பிட்டுக்கு 18, 256 பிட்டுக்கு 76. டக்டிபி இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. 4 இலக்கம் வரை 16 பிட், 9 வரை 32, 18 வரை 64, அதற்கு மேல் 128 என்று இடத்தை அளந்து கொடுக்கிறது. மைஎஸ்க்யூஎல் தனி ரகம். ஒன்பது இலக்கத்தை நான்கு பைட்டில் அடைத்து 65 இலக்கம் வரை போகும்.

அடுக்குக்குறி விஷயத்தில் எல்லாரும் தரநிலையைப் பின்பற்றவில்லை. ஸ்பார்க் 2.4 வரை 1இ2 என்பதும் டெசிமல். 2020-இல் வந்த 3.0-இல் அதை டபுளாக மாற்றி, பழையபடி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செட்டிங்கை விட்டுவைத்தார்கள். ஆரக்கிளில் இன்றும் அடுக்குக்குறி போட்டாலும் அது நம்பர் டைப்தான், பைனரி ஃப்ளோட் வேண்டுமென்றால் கடைசியில் தனி எழுத்துச் சேர்க்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் வேறொரு விசித்திரம். 2147483647-ஐத் தாண்டிய முழு எண் பிக்இன்ட் ஆகாமல் நேராக நியூமெரிக் ஆகிவிடும்.

இந்த வழியின் தொல்லை, எண்ணை எழுதும் விதமே டைப்பை மாற்றிவிடுவது. ட்ரினோவின் ஆவணப்படி 0000012345.1234500000 என்று எழுதினால் அது டெசிமல்(20,10). முன்னால் உள்ள பூஜ்யமும் பின்னால் உள்ள பூஜ்யமும் கணக்கில் சேரும். குவெரியைப் புரோகிராம் எழுதும்போது, அதுவும் எல்லா எண்ணையும் நீளமாக ஃபார்மேட் செய்து தள்ளும்போது, இரண்டு பெருக்கல் தாண்டுவதற்குள் 38-ஐ முட்டிவிடலாம்.

சரி, 39 இலக்கம் எழுதினால்? இங்கேதான் இந்தக் கூட்டணி உடைகிறது. எஸ்க்யூஎல் சர்வரும் ட்ரினோவும் ஸ்பார்க்கும் எரர் கொடுத்து நிறுத்திவிடும். டக்டிபி எதுவும் சொல்லாமல் டபுளாக மாற்றிக்கொள்ளும். டேட்டாஃபியூஷனில் ஃப்ளோட்டை டெசிமலாகப் படிக்கும் செட்டிங்கைப் போட்டால் 38 வரை 128 பிட் டெசிமல், அதைத் தாண்டினால் 256 பிட் டெசிமல் என்று அகலமாகிக்கொண்டு போகும்.

என் ஓட்டு முதலில் அகலப்படுத்துவதற்கு, முடியாவிட்டால் எரருக்கு. டக்டிபி எனக்குப் பிடித்த என்ஜின்தான், ஆனால் இந்த ஓர் இடத்தில் அதன் முடிவை ஏற்க முடியவில்லை. 38 இலக்கம் வரை துல்லியம், 39-இல் சத்தமில்லாமல் 16 என்பது, எண் பெரிதாகப் பெரிதாகத் துல்லியம் அதிகம் தேவைப்படும் ஆளுக்கு நேரெதிரான ஏற்பாடு. அவ்வளவு நீள எண்ணை ஒருவர் கைதவறி எழுதுவதில்லை.

வரம்பே வேண்டாம்

போஸ்ட்கிரெஸ்ஸில் புள்ளி அல்லது அடுக்குக்குறி இருந்தால் நியூமெரிக். அதில் புள்ளிக்கு முன் 131072 இலக்கம், பின் 16383 இலக்கம் வரை இடம் உண்டு. முழு எண் என்றால் 32 பிட்டில் அடங்குகிறதா, இல்லையா, 64-இல் அடங்குகிறதா, அதுவும் இல்லையென்றால் நியூமெரிக். எந்தப் படியிலும் இலக்கம் தொலைவதில்லை. உள்ளே பத்தாயிரம் அடிமானத்தில், நான்கு நான்கு இலக்கமாகச் சேமிக்கிறது.

விலை, வேகம். ஒவ்வொரு மதிப்பும் வேறு வேறு நீளம் என்பதால், நெடுவரிசையை மொத்தமாக அள்ளிக் கணக்குப் போடும் அனலிட்டிக்ஸ் என்ஜின்களுக்கு இது ஒத்துவராது. அவை 128 பிட்டில் நிற்பதற்கு அதுதான் காரணம். நடைமுறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. முழு எண் நெடுவரிசையில் இண்டெக்ஸ் (வரிசைகளை விரைவாகத் தேடித்தரும் பட்டியல்) இருக்க, நீங்கள் 5.0-ஓடு ஒப்பிட்டால், போஸ்ட்கிரெஸ் நெடுவரிசையை நியூமெரிக் ஆக்கித்தான் ஒப்பிடும். இண்டெக்ஸ் சும்மா கிடக்கும். விடை சரி, குவெரி மட்டும் நொண்டும்.

எழுதுகிறவரே சொல்லட்டும்

நான்காவது வழி, டைப்பை எண்ணோடு சேர்த்தே எழுதுவது. பிக்குவெரியிலும் ட்ரினோவிலும் டைப் பெயரைப் போட்டு, மேற்கோளுக்குள் எண்ணை எழுதலாம். ஸ்பார்க்கில் எண்ணின் வாலில் எழுத்துச் சேர்க்கலாம். க்ளிக்ஹவுஸில் ஸ்ட்ரிங்காக ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம். குழப்பமே இல்லாத வழி இது. ஆனால் மனிதர்கள் எழுத மறக்கும் வழியும் இதுதான், எனவே என்ஜினின் இயல்பு நிலைக்கு இது மாற்றாகாது.

படித்தது சரி, அப்புறம்?

லிட்டரல் சரியாகப் படிக்கப்பட்டாலும் அடுத்த அடியிலேயே என்ஜின்கள் பிரிந்துபோகின்றன. 1.0 / 3 என்று கேட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் புள்ளிக்குப் பின் இருபது மூன்றுகள் தரும். மைஎஸ்க்யூஎல் 0.33333, ஏனென்றால் முதல் எண்ணின் 1 இலக்கத்தோடு இயல்பாக 4 சேர்க்கும். எஸ்க்யூஎல் சர்வரும் ஸ்பார்க்கும் 0.333333, வகுத்தலில் குறைந்தது 6 இலக்கம் என்ற விதியால். டக்டிபி வகுத்தலுக்கு டபுளுக்குத் தாவி 0.3333333333333333 தரும். ட்ரினோ 0.3. ஆம், வெறும் 0.3. இரண்டு பக்கத்தில் எது அதிக இலக்கமோ அதுதான் விடைக்கும் என்பது அங்கே விதி. டெசிமல் லிட்டரல் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைக் காட்டுவது வழக்கம். ட்ரினோவில் விகிதம் கணக்கிடுகிறவர்கள் 1.0-க்குப் பதிலாக 1இ0 என்று எழுதினால், டபுள் என்றாலும், உருப்படியான விடை கிடைக்கும்.

பணக்கணக்கும் வரிக்கணக்கும் ஓடும் இடத்துக்கு நான் போஸ்ட்கிரெஸ்ஸையோ, 38-க்கு மேல் எரர் கொடுக்கும் என்ஜினையோதான் எடுப்பேன். டேட்டாஃபியூஷன் மேல் எதையாவது கட்டுகிறீர்கள் என்றால் அந்த டெசிமல் செட்டிங்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மாற்றினால், பழைய டாஷ்போர்டு விடைகள் ஏன் மாறின என்று எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். ட்ரினோவின் முன்னோடியான பிரெஸ்டோ டபுளிலிருந்து டெசிமலுக்கு மாறியபோது, பழைய குவெரிகளுக்காக டபுளாகவே படிக்கும் செட்டிங் ஒன்றைக் கூடவே வைக்க வேண்டி வந்ததும் இதனால்தான்.

புதிய என்ஜின் கைக்கு வந்தால், டைப்பைச் சொல்லும் ஃபங்ஷனைத் தேடிப் பிடித்து நான்கு லிட்டரல்களைக் கொடுத்துப் பாருங்கள்: 0.1, 1இ0, 18446744073709551616, அப்புறம் புள்ளி வைத்த நாற்பது இலக்க எண் ஒன்று. முதல் இரண்டுக்கும் வரும் விடை ஆவணத்தில் எழுதியிருக்கும். கடைசி இரண்டுக்கு வருவது பெரும்பாலும் எழுதியிருக்காது.