நூல் சுற்றலாமா, சக்கரம் உருட்டலாமா?

பெருந்துறைப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பை (π), அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை, சொல்லித்தர இரண்டு வழிகளையும் செய்து பார்த்திருக்கிறேன்.

நூல் வழி எளிது. சம்புடமூடியைச் சுற்றி நூலைக் கட்டி, பிரித்து, அளவுகோலில் வைத்து, விட்டத்தால் வகுக்க வேண்டும். திருப்பூர் பக்கம் என்பதால் நூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பனியன் நூல் இழுத்தால் நீளும். 10 செ.மீ. மூடிக்கு ஒரு சிறுமி 33 செ.மீ. கொண்டுவந்தாள், விடை 3.3. மூடியின் நடுப்புள்ளி தெரியாததால் விட்டத்திலும் பிழை வரும். முறுக்கேறிய சணல் கயிறு பரவாயில்லை.

சைக்கிள் சக்கரத்தில் இந்தச் சங்கடம் குறைவு. அச்சு நடுவிலேயே இருக்கிறது, விட்டத்தை ஏமாறாமல் அளக்கலாம். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்திலிருந்து பத்துச் சுற்று உருட்டச் சொன்னேன். 66 செ.மீ. விட்டச் சக்கரம் ஏறத்தாழ 20 மீட்டர் 73 செ.மீ. போகும். அளப்பதில் 5 செ.மீ. தவறினாலும் ஒரு சுற்றுக்கு அரை செ.மீ.தான் பிழை; வகுத்தால் 3.14ஐ ஒட்டியே விடை நிற்கும். யாரும் ஏறி உட்காரக் கூடாது, டயர் அமுங்கிவிடும். காற்றும் நிறைந்திருக்க வேண்டும்.

ஆரியபட்டர் 499இல் எழுதிய கணக்கும் இதே சாயல்தான்: 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு, அதாவது 3.1416. இதை மைதானத்தில், சக்கரம் நின்ற இடத்திலேயே சொன்னால் குழந்தைகளின் கண்கள் விரிகின்றன.

மழை நாளென்றால் நூல். மற்ற நாளெல்லாம் சக்கரம்தான் என் தேர்வு.