ஃபிட்டர்கள் எழுதுவார்களா? அறிவுப் பகிர்வுச் செயலி, நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஓசூரில் மெஷின் ஷாப் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "ஆப் வாங்கிக் குடுத்தா ஃபிட்டருங்க தெரிஞ்சதை எழுதுவாங்களா?" அவர் கையில் இருக்கும் விலைப்புள்ளி எங்கள் பராமரிப்புப் பிரிவில் ஓடும் அதே செயலிக்கானது, மெஷின் பழுதைச் சரி செய்த விதத்தை ஒருவர் எழுதிவைத்து மற்றவர் தேடிப் படிப்பதற்கானது. பெயரைச் சொல்லவில்லை. நான் கீழே சொல்லப்போகும் குறை இந்த வகைச் செயலிகள் பலவற்றிலும் இருக்கிறது. வசதிப் பட்டியலை விற்பனையாளரே கொடுத்துவிடுவார், அதற்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷினில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் அந்த மெஷினின் குறிப்புகள் மட்டும் வருகின்றன. நெட் இல்லாத மூலையில் எழுதினாலும் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் ஏற்றிக்கொள்கிறது. பேசினால் தமிழில் தட்டிக்கொள்கிறது. கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று பேசாதவரை தவறு குறைவு. தேடல்தான் சுமார். 'ஸ்பிண்டில்' என்று தமிழில் எழுதிய குறிப்பு, ஆங்கில எழுத்தில் தேடினால் வராது. தலைப்பின் முதல் சொல், பழுது வந்தால் மெஷின் திரையில் காட்டும் அலாரம் எண்ணாக இருக்க வேண்டும் என்று விதி வைத்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

எப்படிப்பட்ட குறிப்புக்காக இவ்வளவு பாடு என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். மெஷினை இயக்கும் ஃபேனக் கன்ட்ரோலரில் 307 அலாரம் வந்தால் அச்சுகளின் (மெஷின் நகரும் திசைகளின்) இருப்பிடத்தை நினைவில் வைக்கும் பேட்டரி இறங்குகிறது என்று பொருள். பேட்டரி தனிப்பெட்டியில் இருக்கும் மெஷின்களில் நான்கு டி-சைஸ் ஆல்கலைன் செல், மொத்தம் 6 வோல்ட். கன்ட்ரோலர் பவர் ஆனில் இருக்க, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு மாற்ற வேண்டும். பவரை ஆஃப் செய்து மாற்றினால் இருப்பிடம் அழிந்து 300 அலாரம் வரும். பிறகு கன்ட்ரோலர் செட்டிங்கில் 1815-ம் பாராமீட்டரில் ஏபிஇசட் பிட்டைத் தொட்டு ஒவ்வொரு அச்சுக்கும் ரெஃபரன்ஸ், அதாவது தொடக்க இடம், திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கும். செல்களில் இரண்டு ஒரு திசை, இரண்டு எதிர்த்திசை. இவ்வளவும் மெஷினோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, ஒரு ஃபிட்டர் எழுதிய கடைசி இரண்டு வரி: "இந்த மெஷின்ல பெட்டி பின்பக்கம் கூலன்ட் படுற இடத்துல இருக்கு. ஸ்பிரிங் பச்சை பிடிச்சிருக்கும், புது செல் போட்டாலும் 307 போகாது, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டுப் போடுங்க." நைட் ஷிஃப்டில் புது செல்லையே சந்தேகப்பட்டு ஸ்டோருக்கும் மெஷினுக்கும் நடப்பவருக்கு வேண்டியது இந்த இரண்டு வரிதான்.

இதை அவர் ஏன் எழுதினார்? ஆர்டர் போட்டதால் இல்லை. செயலியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. குறிப்பின் அடியில் 'உதவியது' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட் என்று கேட்டு, எழுதினவருடைய போனுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: உங்கள் குறிப்பை வைத்து இன்னார் இந்த மெஷினை ஓட்டினார் என்று. அந்தச் செய்தி ஒருமுறை வந்தவர் அடுத்த குறிப்பைத் தானாகவே எழுதுகிறார், படமும் சேர்த்து. வராதவர் இரண்டு குறிப்போடு நிறுத்திவிடுகிறார். எத்தனை பேர் 'பார்த்தார்கள்' என்ற எண்ணிக்கை யாரையும் அசைப்பதில்லை. நம் கைவேலையால் ஒரு மெஷின் ஓடியது, அது இன்னாருக்குத் தெரியும் என்பதில்தான் பிடிப்பு இருக்கிறது.

ஆனால் அந்த 'இன்னார்' என்ற பெயரை இந்தச் செயலி காப்பாற்றுவதில்லை. என் கோபமெல்லாம் இதன் மேல்தான். சூப்பர்வைசர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தால் குறிப்பின் மேலே அவர் பெயர் ஏறிவிடுகிறது. எழுதினவர் பெயர் 'வரலாறு' என்ற பொத்தானுக்குள் போய்விடும். அதை எந்த ஃபிட்டரும் திறந்து பார்ப்பதில்லை. அதைவிடக் கொடுமை, 'உதவியது' செய்தியும் கடைசியாகச் சேமித்தவருக்கே போகிறது. பதிப்பு மாற்றத்தின்போது பழைய குறிப்புகள் அத்தனையும் 'அட்மின்' பெயருக்கு மாறின. உதவி மையத்தின் பதில்: உள்ளடக்கம் எதுவும் இழக்கப்படவில்லை. இருபது வருட அனுபவத்தை ஒருவர் பாரா பாராவாகப் பிரித்து எழுதிக் கொடுத்திருக்கிறார், அதில் அவர் பெயர் இழக்கக்கூடிய ஒன்றாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்தது, கட்டணம் ஆள் கணக்கில் வருகிறது. அதனால் நிர்வாகம் நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும் லாகின் வாங்கும், காண்ட்ராக்ட் ஆட்களும் அப்ரென்டிஸ்களும் ஷிஃப்டுக்கு ஒரு பொது லாகினில் எழுதுவார்கள். மேலே 'பராமரிப்பு பி ஷிஃப்ட்' என்று மட்டும் தெரியும். மெஷினோடு அதிக நேரம் கிடப்பவர்கள் இவர்கள். நாளைக்கு வேறு ஆலையில் வேலை கேட்கப் போகும்போது காட்டுவதற்குக்கூட அவர்களிடம் ஒன்றும் இருக்காது. "எழுதிட்டா அப்புறம் நான் எதுக்குங்க?" என்ற பயம் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது, அது நியாயமான பயம். எழுத்தை வாங்கிக்கொண்டு பெயரையும் எடுத்துவிட்டால் அந்தப் பயத்தை நாமே உறுதி செய்கிறோம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பாடம் அல்ல. ஜெராக்ஸ் நிறுவனம் 1990-களில் காப்பியர் பழுதுபார்ப்பவர்களுக்காக யுரேகா என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. முதலில் பிரான்சில், தொலைபேசி இணைப்பில் இயங்கிய மினிடெல் முனையங்கள் வழியாக ஓடியது. ஒருவர் எழுதும் உத்தியை அதே தொழில் தெரிந்த சகாக்கள் சரிபார்த்து ஏற்றினார்கள். பரிசுத்தொகை பற்றிய பேச்சு வந்தபோது தொழில்நுட்பப் பணியாளர்கள் கேட்டது பணத்தை அல்ல, உத்தியோடு தங்கள் பெயர் நிற்க வேண்டும் என்பதைத்தான். சீமென்ஸ் தன் தொலைத்தொடர்புப் பிரிவில் 1999-ல் தொடங்கிய ஷேர்நெட் புள்ளி கொடுத்தது. புள்ளியைப் பொருளாக மாற்றிக்கொள்ளலாம். பதிவுகள் குவிந்தன, தரம் கேள்விக்குறியானது, புள்ளி முறையைத் திருத்த வேண்டிவந்தது.

இந்தச் செயலியிலும் மாதப் புள்ளிப் பட்டியல் இருக்கிறது. முதல் நாளே அணைத்துவிடுங்கள். அதை ஓடவிட்டால், "கூலன்ட் அளவு பார்க்கவும்", "ஃபில்டர் சுத்தம் செய்யவும்" என்று ஒற்றை வரிகள் மாதக் கடைசி வாரத்தில் வந்து கொட்டும். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001-ன் 2015 பதிப்பில் 7.1.6 பிரிவு நிறுவனத்தின் அறிவைப் பேணுவது பற்றிச் சொல்கிறது. அதனால் ஆடிட்டுக்கு முந்தின வாரமும் இதே வெள்ளம்தான். அந்தக் குப்பை தேடலில் மேலே வந்து நின்றுகொள்ளும், 307 குறிப்பு கீழே போய்விடும்.

செட்டிங்கில் சரி செய்ய முடிந்தவற்றையும் சொல்கிறேன். படிவத்தை ஐந்து கட்டமாகக் குறையுங்கள்: மெஷின் எண், அலாரம் எண், கண்ட அறிகுறி, பார்த்த வரிசை, மாற்றிய பாகம். 'பார்த்த வரிசை'யில் காரணமாக இல்லாதவற்றையும் எழுதச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு நேரம் மிச்சமாவது அதில்தான். பிரேக்டவுன் ஸ்லிப் முடிக்கும் இடத்திலேயே இந்தப் படிவம் திறக்க வேண்டும், வேலை நேரத்துக்குள் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடிக்கும் நேரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். இன்னொன்று முக்கியம்: இந்தக் குறிப்பை 'ஒய்-ஒய்' (ஏன், ஏன் என்று கேட்டுப் பழுதின் காரணம் தேடும்) விசாரணை அறிக்கையோடு இணைக்கும் வசதி ஒன்று இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். "ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தது" என்று எழுதினவரிடம் "பிஎம்-ல (முன்தடுப்புப் பராமரிப்புல) ஏன் பார்க்கல?" என்று மெமோ போனால், அன்றோடு அந்த ஷிஃப்டில் எழுத்து நின்றுவிடும்.

சூப்பர்வைசர்கள் திருத்த வேண்டாம், அடியில் கருத்தாக மட்டும் போடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறோம். குறிப்பின் கடைசி வரியில் எழுதினவர் தன் பெயரைத் தானே தட்டிவைக்கிறார். பொது லாகினுக்கும் அதே வழி. பெயர் நிற்கிறது, ஆனால் பொது லாகினில் எழுதினவருக்கு 'உதவியது' செய்தி போவதில்லை. இவ்வளவு விலைக்கு விற்கும் ஒன்றில் இந்தச் சுற்றுவழி தேவைப்படுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே நண்பருக்கு: ஃபிட்டர்கள் எழுதுவார்கள், நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் இந்தச் செயலியை வாங்காதீர்கள். இதே வகையில் நான் பார்த்தவற்றுள் இதுதான் சிறந்தது, அப்படியும் வாங்காதீர்கள். வேறு எதையாவது டெமோ காட்டினால், ஒருவர் லாகினில் குறிப்பு எழுதி, இன்னொருவர் லாகினில் ஒரு எழுத்தைத் திருத்திச் சேமித்து, மூன்றாவது போனில் 'உதவியது' அழுத்துங்கள். செய்தி முதல் ஆளுக்கு வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். அதோடு மொத்தக் குறிப்புகளையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், எழுதினவர் பெயருக்குத் தனிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு பிடிஎஃப் மட்டும்தான் வருகிறது, அதில் பெயர் இல்லை. அதனால்தான் அடுத்த வருடத்துக்கும் நாங்கள் இதையே புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.