பசியும் நாக்குச் சபலமும்: 14 மாத உணவுக் கட்டுப்பாட்டு அனுபவம்

கடந்த ஆண்டு தை மாதத்தில் 91 கிலோவாக இருந்த என் எடை, 14 மாதங்கள் கழித்து இப்போது 80 கிலோவில் நிற்கிறது. எடை குறைந்த கதையைவிட, இந்தக் காலம் முழுவதும் பசியை எப்படிச் சமாளித்தேன் என்பதையே எழுத விரும்புகிறேன். என்னோடு தொடங்கிய நண்பர்கள் பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் விட்டுவிட்டார்கள்.

முதல் ஆறு வாரங்கள் இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்திருந்தேன். கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிவிட்டு, இரவு ஒன்பதரைக்கு மேல் தெற்குவாசல் வழியாக வில்லாபுரத்துக்குத் திரும்பும்போது, கல்லில் பரோட்டா வேகும் மணமும் கொதிக்கும் சால்னாவும் வழியெங்கும் மறிக்கும். தூங்கா நகரம் என்ற பெருமை, பட்டினி கிடப்பவனுக்கு எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாளாவது வண்டியை நிறுத்தி நான்கு பரோட்டாவைத் தின்றுவிட்டு, மனைவிக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று வீட்டில் அந்த இரண்டு இட்லியையும் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தபோது, இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக நினைத்து ஏமாந்தது புரிந்தது. பசி மெல்ல ஏறும், எதைக் கொடுத்தாலும் அடங்கும். சபலம் அப்படியல்ல, ஜிகர்தண்டா நினைவு வந்த நேரத்தில் முன்னால் சுண்டலை வைத்தால் வேண்டாமென்று தோன்றும். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்ந்து, உண்டபின் தாழ்வது உடலின் இயல்பு. நானோ மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிநேரம் வெறும் தேநீரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாலை ஐந்தரைக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் அவித்த முட்டையொன்றும் சாப்பிடத் தொடங்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சில நாள் அவித்த உருளைக்கிழங்கு. எடை கூட்டும் பொருளென்று அதை ஒதுக்கியிருந்தேன். ஆனால் 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் 38 உணவுகளை ஒப்பிட்டபோது, வயிறு நிறைந்த உணர்வில் வெள்ளை ரொட்டிக்கு 100 என்றால் அவித்த கிழங்குக்கு 323 கிடைத்தது. எண்ணெயில் பொரித்த கிழங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சபலத்துக்குச் சுண்டல் உதவவில்லை. அதற்காக வழியையே மாற்றி, கீரைத்துறைப் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். சனிக்கிழமை இரவு மட்டும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கறி தோசை. அது வருமென்று தெரிவதால் மற்ற நாட்களில் மனம் அவ்வளவாக அலைவதில்லை. வெந்நீரில் தேன், விலை உயர்ந்த சத்துமாவுப் பொட்டலம் ஆகியவற்றில் பணம் போனதுதான் மிச்சம்.

சறுக்கல்களும் உண்டு. சித்திரைத் திருவிழா வாரத்தில் பந்தலுக்குப் பந்தல் பானகமும் சர்க்கரைப் பொங்கலுமாக ஒன்றரைக் கிலோ ஏறியது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் தூக்கம் கெட்ட நாட்களில் மறுநாள் பசி இரட்டிப்பாக இருந்தது.

எடை இறங்கினால் பசியும் அடங்கும் என்று எதிர்பார்த்தேன், அடங்கவில்லை. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவில், பத்து வாரக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழிந்தும் கிரெலின் அளவும் பசியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே சுண்டல் டப்பாவை இன்றும் எடுத்துச் செல்கிறேன். பக்கத்து மேசை அண்ணன் பங்கு கேட்பதால் இப்போது இரண்டு டப்பா.